புயலும் வெள்ளமும் ஒரே வரியில்: நம் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தை வாசித்துப் பார்த்தல்

வீட்டுக் காப்பீடு பற்றி இணையத்தில் தேடினால் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். "புயல் காற்றால் ஆன சேதத்துக்குப் பணம் கிடைக்கும், வெள்ளத்தால் ஆன சேதத்துக்குக் கிடைக்காது. வெள்ளத்துக்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும்." ஆங்கிலக் கட்டுரைகளில் இது இருக்கிறது. அவற்றிலிருந்து தமிழுக்கு வந்த விளக்கங்களிலும் இருக்கிறது. இப்போது ஏஐ-யிடம் கேட்டாலும் சில சமயம் இதே பதில்தான்.

இந்த வாக்கியம் பொய் இல்லை. அமெரிக்காவில் அப்படியே உண்மை. நம்மூர் பாலிசிக்குத்தான் பொருந்தாது. இங்கே புயலும் வெள்ளமும் ஒரே வரியில், ஒரே காப்பில் இருக்கின்றன. இது தெரியாமல் "தண்ணி வந்தா எதுவும் கிடைக்காதாமே, அப்புறம் எதுக்கு பாலிசி?" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பாலிசி கையில் இருந்தும், வீட்டுக்குள் வந்தது வெள்ளம்தானே என்று க்ளெய்ம் போடாமல் இருப்பவர்களும் உண்டு. அதனால் நம்மூர்ப் பத்திரத்தையே எடுத்து, ஒரு மென்பொருளின் விவரக்குறிப்பை வாசிப்பதுபோல வாசித்துப் பார்த்தேன். எங்கே நன்றாக எழுதியிருக்கிறார்கள், எங்கே ஓட்டை, இப்போது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் இந்தக் குறிப்பு.

அந்த ஒரு வரி

2021 ஏப்ரல் 1 முதல் இந்தியப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்கு 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தர வேண்டும் என்று ஐஆர்டிஏஐ ஆணையிட்டது. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். அதில் காப்பு தரப்படும் நிகழ்வுகளின் பட்டியல் இருக்கிறது. தீ, வெடிப்பு, மின்னல், நிலநடுக்கம் என்று போகும் பட்டியலில் ஒரு வரி மட்டும் இப்படி: புயல், சூறாவளி, டைஃபூன், கடுங்காற்று, ஹரிக்கேன், டொர்னாடோ, சுனாமி, வெள்ளம், நீர் சூழ்தல்.

ஒன்பது சொற்கள், ஒரே எண்ணின் கீழ். காற்று தனி, நீர் தனி என்ற பிரிப்பு இல்லை. கூரை காற்றில் பறந்ததா, சுவர் நீரில் ஊறி விழுந்ததா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டில் எது நடந்திருந்தாலும் விடை ஒன்றுதான்.

இன்னும் இரண்டு வரிகள் இதற்குத் துணை. வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து மோதுவதால் வரும் சேதம் தனி நிகழ்வாக இருக்கிறது. மரம் விழுவது அதில் அடங்கும். காப்பில் உள்ள ஒரு நிகழ்வைத் தொடர்ந்து, அதன் காரணமாக 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டும் காப்பில் உண்டு. வெள்ளத்துக்கு வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்குப் போனவர்களுக்கு இதன் அருமை புரியும். தண்ணீர் வடிய 10 நாள் ஆகிற பகுதிகளும் இருக்கின்றன, அவர்களுக்கு 7 நாள் போதாது என்பது என் முதல் குறை.

அமெரிக்காவில் ஏன் பிரித்தார்கள்

பிரிப்பு என்ன செய்யும் என்று தெரிய வேண்டுமென்றால் அந்த ஊர் கதையைப் பார்க்க வேண்டும். அங்கே வழக்கமான வீட்டு பாலிசி காற்றுச் சேதத்தைத் தரும், வெள்ளத்தை விலக்கிவிடும். வெள்ளத்துக்கு 1968இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒன்று உண்டு. அதில் குடும்ப வீட்டுக் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர். எடுத்த அன்றே அமலுக்கு வராது, பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். புயல் சின்னம் உருவானதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் எடுக்க முடியாது.

2005 ஆகஸ்ட் 29இல் காத்ரீனா வந்தது. மிசிசிப்பி கடற்கரையில் பல வீடுகளில் அடித்தளம் மட்டும்தான் மிஞ்சியது. மேலே இருந்த வீட்டைக் காற்று கொண்டுபோனதா, கடல் கொண்டுபோனதா? காற்று என்றால் பாலிசி தரும், கடல் என்றால் தராது. சாட்சி சொல்ல வேண்டிய வீடே அங்கே இல்லை. இதில் இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது. விலக்கப்பட்ட காரணம் ஒன்று கலந்திருந்தால், மற்ற காரணங்கள் எந்த வரிசையில் வந்திருந்தாலும் அந்தச் சேதத்துக்குப் பணம் இல்லை என்கிற விதி. 2007இல் ஒரு மிசிசிப்பி வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த விதி செல்லும் என்றது. 2009இல் மிசிசிப்பி மாநில உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், நீர் வருவதற்கு முன்பே காற்று செய்த சேதத்துக்கான உரிமை பின்னால் வந்த நீரால் அழிந்துவிடாது என்றது. புயல் போய் நான்கு வருடம் கழித்தும் முதலில் வந்தது எது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

2012இல் சாண்டி. அங்கே கடலோரப் பாலிசிகளில் ஹரிக்கேன் என்றால் வீட்டுக்காரர் ஏற்க வேண்டிய முதல் பங்கு கூடிவிடும். சாதாரண நாளில் அது 500, 1,000 டாலர் மாதிரி ஒரு நிலையான தொகை. ஹரிக்கேன் என்றால் வீட்டின் காப்புத் தொகையில் ஒரு சதவீதம். 4,00,000 டாலர் வீட்டுக்கு 5 சதவீதம் என்றால் முதல் 20,000 டாலர் நம் பாக்கெட்டிலிருந்து. சாண்டி நியூ ஜெர்சியில் கரையைத் தொடுவதற்குச் சற்று முன் வானிலைக் கணக்கில் அது ஹரிக்கேன் என்ற தகுதியை இழந்தது. அதை வைத்து, ஹரிக்கேன் பங்கைப் பிடிக்கக்கூடாது என்று நியூயார்க், நியூ ஜெர்சி மாநில அரசுகள் சொல்லிவிட்டன. விழுந்த வீடு அதேதான், அடித்த காற்றும் அதேதான். ஒரு பெயர் மாறியதில் கணக்கு மாறியது.

சென்னையின் மூன்று டிசம்பர்கள்

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

2016 டிசம்பர் 12: வர்தா. சென்னையை நேரடியாகக் கடந்த புயல். சேதத்தின் முகம் காற்று. மரங்கள், கூரைத் தகடுகள், தண்ணீர்த் தொட்டி, ஜன்னல் கண்ணாடி.

2023 டிசம்பர் 3, 4: மிக்ஜாம். கரையைக் கடந்தது 5ஆம் தேதி, ஆந்திராவின் பாபட்லா அருகே. சென்னைக்குள் அது வரவே இல்லை. பக்கத்துக் கடலில் நின்று மழையாகக் கொட்டியது. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளங்கள் முழுகின.

2015 டிசம்பர் 1, 2: புயலே கிடையாது, பெயரும் கிடையாது. வடகிழக்குப் பருவமழை, செம்பரம்பாக்கம் திறப்பு, அடையாற்றில் வெள்ளம்.

அமெரிக்க முறையில் முதலாவதற்கு மட்டும் வீட்டு பாலிசி பேசும். இரண்டாவதில் தண்ணீர் தரையோடு வந்ததால் வெள்ளம், கிடைக்காது. மூன்றாவது கேள்வியே இல்லை. நம் பாலிசியின் வரியில் மூன்றும் உள்ளே. 'புயல்' பொருந்தாவிட்டால் 'வெள்ளம்', அதுவும் இல்லையென்றால் 'நீர் சூழ்தல்'. நம் கடற்கரையில் புயல் பெரும்பாலும் தண்ணீராகத்தான் வீட்டுக்குள் வருகிறது. இந்த ஊருக்கு ஏற்ற வரி இதுதான்.

மிக்ஜாம் சமயத்தில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. மாசு என்பது பாலிசியில் விலக்கப்பட்ட விஷயம். ஆனால் அந்த மாசே காப்பில் உள்ள ஒரு நிகழ்வால் வந்திருந்தால் விலக்கு பொருந்தாது என்று ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறார்கள். வெள்ளம்தான் எண்ணெயைக் கொண்டுவந்தது என்று வாதிட இடம் இருக்கிறது. இப்படி யோசித்து எழுதிய இடங்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

பட்டியலில் இல்லாத ஒரு சொல்

இனி ஓட்டைகள். அந்த ஒன்பது சொற்களில் 'மழை' இல்லை. கவனித்தீர்களா?

மழையால் தெரு நிரம்பி வீட்டுக்குள் வந்தால் அது நீர் சூழ்தல். காற்று ஓட்டைப் பிய்த்து, அந்த வழியாக மழை உள்ளே கொட்டினால் அது புயலின் விளைவு. ஆனால் புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை, மூன்று நாள் விடாமல் பெய்த மழையில் பழைய மொட்டைமாடி விரிசல் வழியாக நீர் இறங்கிப் படுக்கையறைக் கூரை உதிர்ந்தது என்றால்? இது பட்டியலின் எந்தச் சொல்லிலும் சுலபமாக உட்காராது. சர்வேயர் 'நாளாவட்டத்தில் வந்த கசிவு' என்று எழுதிவிட்டுப் போவார். பருவமழை க்ளெய்ம்களில் தகராறு வரக்கூடிய இடம் இதுதான், வாசகம் அமைதியாக இருப்பதும் இந்த இடத்தில்தான். மழைநீர் ஊடுருவல் எப்போது காப்பில் சேரும், எப்போது சேராது என்று இரண்டு வரி எழுதியிருந்தால் போதும்.

'புயல்' என்பதற்கும் வரையறை இல்லை. இந்திய வானிலைத் துறைக்கு மணிக்கு 62 கிலோமீட்டருக்குக் கீழே காற்று இருந்தால் அது புயல் ஆகாது, தாழ்வு மண்டலம்தான். பாலிசி அந்த அளவுகோலைக் கையில் எடுக்கவில்லை. வரையறுக்காத மாறியைப் பார்த்தால் எங்கள் தொழிலில் கை பரபரக்கும். இங்கே அப்படியே விட்டதுதான் நல்லது. சாண்டி கதையைப் பார்த்தோமே. ஏப்ரல், மே மாத மாலையில் பெயரில்லாத சூறைக்காற்று அடித்துத் தகரக் கூரை பறந்தாலும் கேட்க வழி இருக்கிறது. காப்பீட்டு ஒப்பந்தத்தில் ஒரு சொல் இரண்டு விதமாகப் பொருள் தந்தால், அதை எழுதிய தரப்புக்கு எதிராகப் பொருள் கொள்வது நம் நீதிமன்றங்களும் ஏற்ற கொள்கை.

மூன்றாவது, மின்சாரச் சாதனங்கள். அதிக அழுத்தம், ஷார்ட் சர்க்யூட், மின் கசிவு போன்றவற்றால் ஒரு சாதனம் தானாகவே கெட்டால் அந்தச் சாதனத்துக்குப் பணம் இல்லை. நடைமுறையில் இப்படி: வீட்டுக்குள் வந்த வெள்ளத்தில் ஃபிரிட்ஜ் மூழ்கிக் கெட்டால் அது வெள்ளச் சேதம், கேட்கலாம். புயல் முடிந்து கரன்ட் வந்தபோது வோல்டேஜ் ஏறி அதே ஃபிரிட்ஜ் எரிந்தால் அது விலக்கு. ஒரே புயல், ஒரே ஃபிரிட்ஜ், இரண்டு விடை. அதனால் க்ளெய்மில் 'ஏசி ரிப்பேர்' என்று மொட்டையாக எழுதாமல், உண்மையில் தண்ணீர் புகுந்திருந்தால் அதைத் தெளிவாக எழுதி, தண்ணீர் நின்ற உயரத்தோடு போட்டோவும் வைக்க வேண்டும்.

உண்மையான பலவீனம்: அந்த எண்

வாசகத்தைவிடப் பெரிய பிரச்சினை காப்புத் தொகை. பத்திரத்தில் நாம் நிரப்பும் எண்.

கணக்கு எளிது. கார்பெட் ஏரியாவை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும், மதில், தொட்டி, சோலார் பேனல் போன்றவற்றின் செலவைக் கூட்ட வேண்டும். நிலத்தின் விலை இதில் வராது. உதாரணத்துக்கு 900 சதுர அடி கார்பெட் ஏரியா, சதுர அடிக்கு ரூ. 2,500 என்று வைத்துக்கொண்டால் ரூ. 22.5 லட்சம். அதே ஃபிளாட்டின் சந்தை விலை ரூ. 80 லட்சமாக இருக்கலாம். 80 லட்சத்துக்கு எடுத்தால் பிரீமியம்தான் வீண். வெள்ளம் நிலத்தைக் கொண்டுபோகாது.

பல லோன் பாலிசிகளில் இந்த எண் வீட்டை அளந்து போட்டதாக இருக்காது, கடன் தொகையாக இருக்கும். வங்கி தன் கடனைப் பாதுகாத்துக்கொள்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் அது நம் வீட்டை மறுபடி கட்டும் செலவோடு ஒத்துப்போவது தற்செயல்தான். அதோடு, கடன் பாக்கி இருக்கும்வரை க்ளெய்ம் பணத்தில் முதல் உரிமை வங்கிக்கு.

இந்த எண்ணில் தவறு நடந்தாலும் பழைய பாலிசி அளவுக்குத் தண்டிக்காமல் இருப்பது பாரத் கிரஹ ரக்ஷாவின் இரண்டாவது நல்ல அம்சம். முன்பு, 40 லட்சம் மதிப்புள்ள வீட்டை 20 லட்சத்துக்குக் காப்பு செய்திருந்தால், 4 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் தருவார்கள். "பாதிதானே காப்பு செய்தீர்கள், பாதிதான்" என்கிற கணக்கு. இப்போது அந்த வெட்டு கிடையாது. காப்புத் தொகைக்கு உட்பட்டவரை சேதம் முழுதும் கிடைக்கும். பல ஆண்டு பாலிசியாக எடுத்தால் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக உயரும்.

பொருட்களுக்கும் இதேபோல ஒரு வசதி. கட்டடத்துக்குக் காப்பு எடுத்தாலே, அதில் 20 சதவீதம், அதிகபட்சம் ரூ. 10 லட்சம் வரை வீட்டுச் சாமான்களுக்குத் தானாகக் கிடைக்கும். பட்டியல் கொடுக்க வேண்டியதில்லை. நம் உதாரணத்தில் ரூ. 4.5 லட்சம். நகைக்குத் தனியாக மதிப்பு சொல்லிச் சேர்க்க வேண்டும். ரொக்கம், வாகனம் இதில் வராது. வாடகைக்கு இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். வெள்ளத்தில் முதலில் போவது தரைத்தளத்து வாடகைக் குடும்பத்தின் பீரோவும் மெத்தையும்தான், இந்த வசதி அவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

'வேண்டாததை எடுத்துவிடலாமே?'

2021க்கு முந்தைய பழைய தீ பாலிசியிலும் புயல், வெள்ளம் உள்ளே இருந்தன. ஆனால் அவற்றை எடுத்துவிட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக்கொள்ளும் வழியும் இருந்தது. அந்தக் காலத்து நீண்டகால லோன் பாலிசி உங்களிடம் இருந்தால் இந்த வரி அதில் இருக்கிறதா, எடுக்கப்பட்டிருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

இப்போது அந்தக் கதவு மறுபடி திறக்கிறது. ஐஆர்டிஏஐயின் 2024ஆம் ஆண்டுப் பொதுக் காப்பீட்டு முதன்மைச் சுற்றறிக்கை, வெள்ளம், புயல், நிலநடுக்கம், நிலச்சரிவு போன்றவற்றைச் சேர்ப்பதா விடுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தரச் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிலநடுக்கமே வராத ஊரில் அதற்கு ஏன் காசு கட்ட வேண்டும் என்பது நியாயமான கேள்வி.

எனக்கு இதில் இரண்டு சங்கடம். முதலாவது, புயலும் வெள்ளமும் தனித்தனித் தேர்வுகளாகிவிட்டால் எது எதால் வந்தது என்ற மிசிசிப்பி கேள்வி இங்கேயும் முளைக்கும். 'புயல்' மட்டும் எடுத்தவருக்கு மிக்ஜாம் தண்ணீர் புயலா, வெள்ளமா? ஒரே வரியில் இருந்தவரை இந்தக் கேள்விக்கே வேலை இல்லை. இரண்டாவது, தேர்ந்தெடுப்பது யார்? நம் ஊரில் வீட்டுக் காப்பீட்டை ஆராய்ந்து வாங்குபவர்கள் குறைவு. லோன் கையெழுத்துகளுக்கு நடுவே ஏஜென்ட்டோ வங்கி ஊழியரோ காட்டிய இடத்தில் போடும் கையெழுத்து அது. அங்கே 'பிரீமியம் கம்மி' என்று டிக் எடுக்கப்படும் பெட்டி எது என்று ஊகிக்கக் கஷ்டமில்லை. மூன்றாவது மாடியில் இருப்பவர் "நமக்கு எங்கே வெள்ளம்" என்று விடுவார். கீழே இருப்பவர்கள் மட்டும் எடுத்தால், அவர்களுக்கு விலை ஏறும். அமெரிக்காவில் தனியார் நிறுவனங்கள் வெள்ளத்திலிருந்து விலகி, அரசு உள்ளே வந்த கதையின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான்.

தேர்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. நிலநடுக்கத்தைத் தனியாக்கட்டும். புயல், வெள்ளம், நீர் சூழ்தல் மூன்றையும் ஒரே பொட்டலமாகத்தான் விற்க வேண்டும், அதில் ஒன்றை மட்டும் உருவ முடியாதபடி.

இந்தப் பத்திரம் எட்டாத இடங்கள்

அப்பார்ட்மென்ட்டில் லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் கீழ்த்தளத்தில்தான் இருக்கும், வெள்ளம் முதலில் பிடிப்பது அவற்றை. நம் ஃபிளாட் பாலிசி அவற்றுக்குப் பொறுப்பாகாது. அசோசியேஷன் பொது இடங்களுக்குத் தனியாக எடுத்திருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். கார் சேதத்துக்கு மோட்டார் பாலிசி, இது இல்லை.

2018 நவம்பர் 16இல் கஜா டெல்டாவைப் புரட்டியபோது போனவை தென்னையும் ஓலைக் குடிசையும். தென்னந்தோப்பு எந்த வீட்டுக் காப்பீட்டிலும் வராது. கீற்றுக் கூரை, மூங்கில் சுவர் வீடுகளைக் காப்பீட்டு மொழி 'கச்சா' என்று தனியாக ஒதுக்கிப் பார்க்கும். அவர்களுக்கு அரசு நிவாரணம்தான் கதி. நான் மேலே பாராட்டிய அந்த நல்ல வரி, புயலில் அதிகம் இழப்பவர்கள் வரை போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இந்தப் பாலிசியை மதிப்பிட வேண்டும்.

பாலிசி இருப்பவர்கள் இந்த வாரமே செய்யக்கூடியது: பத்திரத்தை எடுங்கள். நிகழ்வுப் பட்டியலில் புயலும் வெள்ளமும் நீர் சூழ்தலும் சேர்ந்து இருக்கின்றனவா, காப்புத் தொகை கட்டுமானச் செலவா கடன் தொகையா, பொருட்களுக்குக் காப்பு உண்டா, மூன்றையும் பாருங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு அறையையும் போனில் ஒரு வீடியோ எடுத்து வீட்டுக்கு வெளியே எங்காவது சேமித்து வையுங்கள். சேதம் ஆனால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை கெட்ட பொருளைத் தெருவில் போடாதீர்கள். போட்டே ஆக வேண்டுமென்றால் போட்டோ எடுத்துவிட்டுப் போடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அது எந்த விதி எண்ணைச் சொல்கிறது என்று பாருங்கள். நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரூ. 50 லட்சம் வரையிலான புகார்களை அங்கே எடுப்பார்கள், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது.

"வெள்ளத்துக்குக் கிடைக்காது" என்று யாராவது சொன்னால், எந்த நாட்டுப் பாலிசி என்று மட்டும் கேளுங்கள்.